எக்ஸெல் வண்டியில் போன ரேஸ்காரன்

நான் வாழ்நாளில் பைக் ஓட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டராக இருந்த காலம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டே வேலைக்குப் போன மனிதன் நான். ரிட்டயர் ஆன பிறகு வாங்கியது ஒரு எக்ஸெல் மொபட். அதன் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், கவரைப்பேட்டை மேம்பாலத்தில் அது ஏறும்போது பக்கத்தில் நடந்து போகிறவர்கள் என்னோடு பேச்சுக் கொடுத்து, குடும்ப நலம் விசாரித்து, பேச விஷயம் தீர்ந்துபோய், என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட என்னை ரேஸ்காரன், அதிலும் ரேஸ்காரர்களுக்கெல்லாம் தலைவன் என்று பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் தலைமுடியால் வந்தது. அந்த முடியும் என் யோசனை அல்ல.

என் மனைவி கன்னியம்மாவுக்கு இருதய வால்வு கெட்டுப்போய் ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவள் திருத்தணி முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். உயிரோடு திரும்பினால், தன் சொந்தக் காலால் மலையேறி வந்து முடி காணிக்கை கொடுப்பதாக. யாருடைய முடி? என்னுடையது. அதுவரை அதில் கத்தரி படக்கூடாது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கே இடுப்பு வரைக்கும் கூந்தல் இருக்கிறது. சாமிக்கு என்று வரும்போது மட்டும் என் தலை. மயக்கம் தெளிந்து கண் திறந்தவள் குழாய்களுக்கு நடுவிலிருந்து கேட்ட முதல் கேள்வி, "முடி வெட்டிக்கினியா?" என்பதுதான்.

வளர்ந்தது. தோளைத் தொட்டது, தோளையும் தாண்டியது. ரேஷன் கடையில் என்னை முன்னால் போகச் சொல்லி வழி விட்டார்கள், ஏதோ மடத்து ஆள் என்று நினைத்து. கன்னியம்மா உதிர்கிற முடியைக்கூட விடவில்லை. சீப்பிலிருந்து, தலையணையிலிருந்து, ஒருமுறை சாம்பாரிலிருந்துகூடப் பொறுக்கி, மஞ்சள் தடவிச் சுருட்டி ஒரு மஞ்சள் பையில் சேர்த்தாள். முடி முழுசாக மலையேறினால்தான் தன் வால்வு வேலை செய்யும் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. ஒருநாள் நான் டீ போடக் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தபோது முன்முடி கொஞ்சம் கருகியது. அந்த வாடை வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வால்வுக்கு ஒன்றுமில்லை, பயம்தான் என்றார் டாக்டர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பயத்திலும் இருதயம் நிற்கும் ஐயா, இந்த அம்மாவைப் பயப்பட விடாதீர்கள் என்றார். அன்றிலிருந்து என் தலையை நான் கண்ணாடிச் சாமான் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்தது தோல் கோட்டு. வெல்டிங் பொறி சட்டையைத் துளைக்காமல் இருக்கக் கம்பெனியில் கொடுப்பது. ரிட்டயர் ஆன அன்று சால்வை போர்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்; கோட்டை நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், யாரும் கேட்கவில்லை. காலமெல்லாம் வெல்டிங் புகை குடித்த நெஞ்சுக்குத் தை மாசப் பனி ஆகாது, கோட்டுப் போட்டால் இளைப்பு வராது. பழசாகி வெளுத்துப்போயிருந்ததால் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. பொறி பட்ட ஓட்டைகள் மட்டும் அங்கங்கே இருந்தன.

மலையேறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். கன்னியம்மா முந்தின நாளே மணவாள நகரில் இருக்கும் எங்கள் மகள் சோனியா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் காலையில் மொபட்டில் அங்கே போய், வண்டியைப் போட்டுவிட்டு, எல்லோருமாகத் திருவள்ளூரிலிருந்து ரயிலில் திருத்தணி போவதாக ஏற்பாடு. விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஈர முடியைக் கட்டாமல் விட்டு, மேலே ஹெல்மெட், உடம்பில் கோட்டு என்று கிளம்பினேன். ஹெல்மெட்டுக்குக் கீழே முடி காற்றில் பறந்தது. நானே பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அதை ஒரு குற்றம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பெரியபாளையம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பைக்குகள் நின்றன. ஒவ்வொன்றும் எங்கள் கம்பெனி ஜெனரேட்டர் அளவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து நாஷ்டாவுக்காக இவ்வளவு தூரம் வருகிறவர்களாம். சென்னையில் இட்லி தீர்ந்துவிட்டதா, தெரியவில்லை. அவர்களில் விமல் என்று ஒரு பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மற்றவர்களும் எழுந்தார்கள். என் முன்னால் அப்படி யாரும் எழுந்து நின்றதில்லை, என் கல்யாணத்தில்கூட.

எந்த கிளப் அங்கிள் என்று கேட்டான். சிப்காட் தொழிலாளர் மனமகிழ் மன்றம், கேரம் டீம் என்றேன். கோட்டில் இருந்த ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்து, இதெல்லாம் எப்படி என்றான். நெருப்புப் பொறி தம்பி என்றேன். அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பி, ரோட்டில் சறுக்கியபோது பறந்த பொறி என்று விளக்கம் கொடுத்தான். வண்டி எங்கே என்றார்கள், எக்ஸெல்லைக் காட்டினேன். பெரியவங்க எல்லாம் இப்படித்தான் அடக்கமா இருப்பாங்க என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சரி, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குப் புகழ் வந்தால் ஏற்றுக்கொள்ள எனக்கு மட்டும் என்ன வலிக்கிறதா? நின்றேன். கொஞ்சம் பக்கவாட்டிலும் திரும்பி நின்றேன்.

அப்போதுதான் ஜீப் வந்தது. எந்த ஸ்டேஷன் ஜீப் என்று எழுத மாட்டேன். அந்த வழியாகத்தான் இன்னமும் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் எட்வர்ட் முதலில் பைக்காரர்களைப் பார்த்தார். ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் பேங்க் மேனேஜர். ஒட்ட வெட்டிய முடி, கையில் லைசென்ஸ், வாயில் இங்கிலீஷ். சப்-இன்ஸ்பெக்டர் சல்யூட் அடிக்காததுதான் குறை. பத்திரமாப் போங்க சார் என்று அனுப்பி வைத்தார். பிறகு அவர் கண் என் மேல் விழுந்தது. தன் போனை எடுத்து ஒரு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி நில்லுய்யா என்றார். திரும்பி நின்றேன். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது.

முந்தின ஞாயிற்றுக்கிழமை எவனோ ஒருவன் பெரிய பைக்கில் ரேஸ் விட்டு, ரோட்டோரம் இருந்த வெள்ளரிக்காய் வண்டியைத் தட்டிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். கேமராவில் முதுகு மட்டும் விழுந்திருக்கிறது. ஹெல்மெட், அதற்குக் கீழே பறக்கிற முடி, கறுப்புத் தோல் கோட்டு. அந்த முதுகைத்தான் அவர்கள் வாரம் பூராவும் தேடியிருக்கிறார்கள். அந்த முதுகு என்னுடையது இல்லை என்று எப்படி நிரூபிப்பது? என் முதுகை நானே பார்த்ததில்லை.

விமல் நல்ல பையன். கிளம்பப் போனவன் திரும்பி வந்து, சார், இவர் எங்களோடு வந்தவர் இல்லை என்று உண்மையைச் சொன்னான். அதுவே வினையாகிவிட்டது. பார்த்தியா, காட்டிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், இவன்தான் தலைவன் என்று முடிவு கட்டினார் எட்வர்ட். பெரிய வண்டியை ஒளித்துவிட்டுக் கண்ணில் மண் தூவ மொபட்டில் வந்திருக்கிறேனாம். எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது சார் என்றேன். இப்போது பெரிய பைக் வாங்குகிறவர்கள் எல்லாம் அந்த வயசுதான், பிள்ளைகள் செட்டில் ஆனதும் ஆரம்பித்துவிடுகிறார்கள் என்றார். எக்ஸெல்லை ஒரு கான்ஸ்டபிள் ஓட்டிக்கொண்டு வந்தார். ஜீப் போய்ச் சேர்ந்து, எனக்கு இரண்டு தடவை தண்ணீர் கொடுத்து, பெயர் விலாசம் எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். வேறு எந்த சாட்சி வேண்டும்? அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த ஸ்டேஷனில் ரேஸ் பையன்களுக்கு எட்வர்ட் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கேஸ் கிடையாது, அடி கிடையாது. பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னராசு என்ற முடிதிருத்துகிறவர் கத்தரியோடு அங்கே இருப்பார். ஒட்ட வெட்டி, புத்தி சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அதே மருந்து என்று அன்பாகச் சொன்னார். இது வேண்டுதல் முடி சார், திருத்தணிக்கு என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"போன வாரம் புடிச்சவன்ல மூணு பேரு திருப்பதின்னான், ஒருத்தன் சபரிமலைன்னான். எல்லாருக்கும் ஸ்டேஷனுக்கு வந்தாதான் சாமி ஞாபகம் வருது."

"அப்ப கேஸு போட்டு ஜெயில்ல வெச்சுடுங்க சார். முடி மேல மட்டும் கை வெக்காதீங்க."

எட்வர்ட் நாற்காலியில் சாய்ந்து என்னை வெகுநேரம் பார்த்தார். முடிக்காக ஜெயிலுக்குப் போகிறேன் என்று சொன்ன ஆளை அவர் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டார். பெரிய கை போலிருக்கிறது, நாம் நினைத்ததைவிடப் பெரிய கை என்று பக்கத்திலிருந்த கான்ஸ்டபிளிடம் சொன்னார். நல்லது சொல்லப் போனால் இதுதான் கிடைக்கிறது.

ஒரே ஒரு போன் செய்ய விட்டார்கள். சோனியா எடுத்தாள். எந்த ஸ்டேஷன், என்ன விஷயம் என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டு, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லும்மா என்றேன். பக்குவம் எங்கே. "முடிய வெட்டப் போறாங்களாம்" என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது. போன் நின்றுவிட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடிப்பதற்குள் போனை வாங்கிக்கொண்டார்கள்.

அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அதன் பிறகு கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. வெட்டினால் வளரும், முடிக்கென்ன. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோனியா வீட்டுச் சமையலறையில் சாய்ந்திருந்தால்? ஒரு மணி நேரம் காக்க வைத்த பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துணியைக் கட்டினார்கள். சின்னராசு தண்ணீர் தெளித்து, சீப்பால் பிரித்து, வேலையில் பிரியமுள்ளவராக, ஸ்டெப் வைக்கட்டுமா, மெஷின் போடட்டுமா என்று என்னைக் கேட்டார். என் தலையைக் கொள்ளையடிக்க வந்த இடத்தில் எனக்கு மாடல் வேறு. நான் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, முடியாது என்றேன். கையைப் பிடித்து விலக்க ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது.

கன்னியம்மா கோயிலுக்கென்று கட்டிய மஞ்சள் புடவையில் வந்தாள். பின்னால் சோனியா, அம்மாவை எட்டிப் பிடிக்க முடியாமல். கன்னியம்மாவின் ஒரு கை நெஞ்சில், ஒரு கையில் மஞ்சள் பை. மூச்சு வாங்கியது. அவள் யாரையும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து, முடியை முன்னும் பின்னும் நுனி வரைக்கும் பிரித்துப் பார்த்தாள், கடையில் புடவையைப் பார்க்கிற மாதிரி. ஒன்றும் போகவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு உள்ளே போய் எட்வர்டின் மேசை மேல் மஞ்சள் பையை வைத்தாள். நானும் அவிழ்த்த துணியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனேன்.

எட்வர்ட் கஞ்சா என்று நினைத்துவிட்டார். அவர் முகமே மலர்ந்துவிட்டது. கான்ஸ்டபிளை விட்டுக் கவனமாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தார். மஞ்சள் பூசிய முடிச் சுருள்கள் மேசை முழுக்க விழுந்தன. மின்விசிறிக் காற்றில் ஒரு சுருள் எழுந்து அவர் காபி டம்ளரில் இறங்கியது.

"இன்னாம்மா இது?"

"அவரு தலையில வளருது சார், ஆனா அது முருகருது. உதிந்ததக்கூட நான் வுடல. திருத்தணி மலைக்குப் போவத்தான் ஆபரேஷன் பண்ண நெஞ்ச வெச்சுக்கினு இத்தினி நாளு இருக்கறேன்."

எட்வர்ட் போனிலிருந்த படத்தைக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, முதுகு நல்லா நிமிந்து இருக்குது, இவரு எங்க இப்பிடி நிமிந்தாரு என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் விடவில்லை. முடி என்றைக்கும் முளைக்கும், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஆரம்பித்தார்.

"வெட்டிக்கோ சார்," என்றாள் கன்னியம்மா, சத்தமே போடாமல். "ஆனா வேண்டுதல் முடிய நடுவுல எவங்க வெட்டறாங்களோ, வேண்டுதல் அவுங்க தலைக்குப் பூடும். அப்பறம் நீ வளக்கணும், நீதான் குடுக்கணும். எங்க பக்கம் அதான் வழக்கம்."

இப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"நான் கிறிஸ்டியன்மா."

"இருந்தா இன்னா? வேளாங்கண்ணில குடு. மாதா வேணான்னா சொல்லப் போறாங்க?"

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னராசு மெதுவாக வந்து கத்தரியை மேசையில் வைத்தார். "வெட்றவன் நான்தான சார், எனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு. ஏற்கெனவே எனுக்கு பழனி ஒண்ணு பாக்கி கீது. நீங்களே ரெண்டு வெட்டு வெட்டி ஆரமிச்சுடுங்க."

எட்வர்டுக்கு வியர்த்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு முடி இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஜன்னல் வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்பி எதிர்ச் சுவரில் வட்டமாக விழுந்தது. கன்னியம்மா அந்தத் தலையை நிதானமாகப் பார்த்தாள். அவள் கேலி பேசவில்லை, உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள்.

"பாவம், உனுக்கு ரொம்ப நாளாவுமே சார்."

கான்ஸ்டபிள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எட்வர்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் இறங்கிய குரலில், நிஜமாவே இவர் பைக் ஓட்ட மாட்டாரா என்று அவளிடம் கேட்டார்.

"இவரு வண்டியில பின்னால உக்காந்தா எனுக்குத் தூக்கம் வந்துடும் சார். ஒரு வாட்டி வண்டி போய்க்கினு இருக்குதுன்னு நெனச்சேன், இவரு எப்பவோ நிறுத்திட்டு டீ குடிக்கப் பூட்டாரு."

என் விடுதலைக்கு இதுதான் காரணமாக இருந்தது. எக்ஸெல்லை ஓட்டி வந்த கான்ஸ்டபிளும் இப்போதுதான் வாயைத் திறந்து, அது உண்மையாகத்தான் இருக்கும் சார் என்றார். நான் எத்தனை முறை சொன்னேன். கோட்டுக்கும் முடிக்கும் இருந்த மதிப்பு என் வாய்க்கு இல்லை. வெள்ளரிக்காய் வண்டியைக் கவிழ்த்தவன் எங்கேயோ ஒட்ட வெட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருப்பான், அவனை யாரும் திரும்பி நிற்கச் சொல்ல மாட்டார்கள்.

எட்வர்ட் ஆள் மோசமில்லை. டம்ளரிலிருந்த சுருளைத் தானே எடுத்து உதறிப் பையில் போட்டார். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஜீப்பில் ரயில்வே ஸ்டேஷனில் இறக்கி விடச் சொல்கிறேன் என்றார். உதவிதான், வேண்டாம் என்றேன், கன்னியம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். திருவள்ளூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், விரித்த முடியும் தோல் கோட்டுமாக நான் போலீஸ் ஜீப்பிலிருந்து இறங்கினேன். ஜனம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மணவாள நகர்க்காரர் ஒருவர் என் மருமகன் வரதனுக்கு அப்போதே போன் போட்டு, உன் மாமனாரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு ஏது? யோசிக்க மாட்டார்களா?

மலைப்படியில் கன்னியம்மா அங்கங்கே உட்கார்ந்தாள். கைத்தாங்கல் கொடுக்கப் போன சோனியாவின் கையைத் தட்டிவிட்டாள், வேண்டுதல் தன் காலால் என்றுதானாம். நான் ஒரு படி கீழேயே வந்தேன், விழுந்தால் பிடிக்க. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் திரும்பி என் தலையைப் பார்த்தாள், இருக்கிறதா என்று. இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

மொட்டை போடுகிறவர் முடியைத் தூக்கிப் பார்த்து, சினிமாவா சார் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. தண்ணீர் ஊற்றினார், கத்தி வைத்தார். தரையில் குவியலாக விழுந்தது. பையில் இருந்ததையும் கன்னியம்மா அதன் மேல் கொட்டினாள். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு எழுந்து, திருப்திதானா என்று அவளைக் கேட்டேன்.

அவள் நன்றாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். இப்போதுதான் மூச்சு நெஞ்சு வரைக்கும் போகிறது என்றாள். சோனியா அழுதுவிட்டாள். கன்னியம்மா அழவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மகளுக்குக் கேட்காமல் கிட்டே வந்து சொன்னாள்.

"அந்த முடி உனுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கோட்டோட பாக்கறப்ப இன்னும் நல்லா இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை காலம் பரதேசி, பைத்தியக்காரன் என்று அந்தத் தலையைப் பார்த்துத் தெருவெல்லாம் சிரித்ததே, வீட்டுக்குள் ஒருத்தியாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டேவிட்டேன்.

என் மொட்டைத் தலையில் வழிந்த சந்தனத்தை அவள் முந்தானையால் துடைத்தாள்.

"சொல்லியிருந்தா நீ மலைக்கே வந்திருக்க மாட்ட."